நொச்சியை எரித்த திங்கட்கிழமை

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த இடத்தை நானும் பிள்ளைகளும் தெரு மாதர் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து தோட்டமாக்கினோம். காய் பறிக்க அல்ல. குருவிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஓணானுக்கும் என்றே வைத்த தோட்டம். நொச்சி, ஆவாரை, பூவரசு, எருக்கு என்று உப்புக்காற்றைத் தாங்கும் செடிகள்தான். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். அரிசி களைந்த நீரைக்கூட வீணாக்காமல், அந்தப் பெண்கள் உப்பள வேலை முடிந்து வந்த களைப்போடு குடத்தில் சுமந்து ஊற்றினார்கள்.

மறுவருடம் நொச்சிக் கிளையில் தேன்சிட்டு கூடு கட்டியது. குஞ்சு பொரித்ததும், யாரும் கிட்டே போகாதபடி பிள்ளைகளே சுற்றிலும் கயிறு கட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணம். போய்விட்டுத் திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வந்தால், தோட்டத்தைக் காணோம்! மொட்டைத் தரை. ஓரத்தில் வெட்டிக் குவித்து எரித்தது இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நடுவில், எங்கிருந்தோ இரவல் வாங்கிய குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் கூட்டைத் தேடிச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

தாளாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "மத்தியானம் பெரிய அதிகாரி வாராரு டீச்சர். இந்தப் புதரப் பாத்தா என்ன நெனப்பாரு? அதான் சுத்தம் பண்ணியாச்சு."

"கூட்டுல குஞ்சு இருந்துச்சே சார்!"

"குருவிக்கா பள்ளிக்கூடம் நடத்துதோம்?"

வகுப்பு மணி அடித்தும் பொருட்படுத்தாமல் நேராகத் தெருவுக்குப் போய், மாதர் சங்கத் தலைவியின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பெண்கள் திரண்டு வந்தார்கள். பாதத்தில் உப்பு காய்ந்திருந்தது. "இங்கனயே உக்காருங்க ஏளா" என்றார் தலைவி. கரிந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"எந்திரிங்க, கார் வர்ற நேரம்!" என்று கத்தினார் தாளாளர்.

"வரட்டும். எங்க பிள்ளையளுக்கே தண்ணி இல்லாம ஊத்தி வளத்தோம். யாரக் கேட்டு வெட்டுனீய?"

அதிகாரி வந்தார். குரோட்டன்ஸைக் காட்டி, "பிள்ளைகள் வச்ச தோட்டம் சார்" என்று தாளாளர் கூசாமல் சொன்னார். "பொய் சார்" என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பேசித் தீத்துக்கோங்க" என்று காரில் ஏறிவிட்டார். அவ்வளவுதான்!

பெண்கள் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில், இனி அந்த இடத்தில் கை வைப்பதில்லை என்று எல்லார் முன்னிலையிலும் தாளாளர் சொன்ன பிறகுதான் கலைந்தார்கள். தாளாளர் என்னை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார். மாற்றிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் மண்ணோடு வெட்டிய நொச்சியின் அடிக்கட்டைகள் துளிர்த்தன. பெண்கள் மறுபடி குடம் சுமந்தார்கள். வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. நான் அங்கே இருந்தவரை தேன்சிட்டு மட்டும் கூடு கட்டவில்லை.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'சுத்தம் பண்ணுகிறோம்' என்று எங்கே யார் அரிவாளோடு வந்தாலும், அங்கே என்ன குடியிருக்கிறது என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை.