கிணறு இடம் மாறிய படம்

1. மாடிப்படியில் ஹாஜியார்

"தம்பி, நீங்க செஞ்ச படத்தால என்ட வீடு போகப்போகுது!"

சுனாமி வந்து ஆறு மாதமிருக்கும். கல்முனை மெயின் ரோட்டில் மாடியில் இருந்த என் ஸ்டூடியோவுக்குள் உதுமாலெப்பை ஹாஜியார் மூச்சு வாங்க ஏறி வந்து இப்படித்தான் சொன்னார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

உடைந்த வீடுகளைப் பார்த்து, பதில் வீடு கொடுக்க லிஸ்ட் போடும் தொழில்நுட்ப அலுவலர், எங்கள் பேச்சில் ரீ.ஓ., அன்று காலை ஹாஜியாரின் காணிக்குப் போயிருக்கிறார். கையில் நான் செய்த வீட்டுப் படம். காணியில் மிஞ்சியிருந்தது அத்திவாரமும் கிணறும் மட்டும். படத்தையும் கிணற்றையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவர் சொன்னாராம்: "ஹாஜியார், படத்தில கிணறு தெக்குப் பக்கம் இருக்கு. இஞ்ச கிணறு வடக்குப் பக்கம். இது வேற யாரோட வீடோ. பொய்ப் படம் கொண்டு வாறாக்கள நான் நிறையப் பாத்திட்டன்."

கிணற்றை இடம் மாற்றியவன் நான்தான்.

2. வெளிச்சம் இடப்பக்கம்

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற இளையவர்களுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் பலர் வீட்டு ஹோலில் முகம் தெரியும் படம் மாட்டமாட்டார்கள். ஆனால் வெறும் சுவரும் பிடிக்காது. அதனால் வீடு, பள்ளிவாசல், வயல், கடல் என்று ஆளில்லாத படங்களைப் பெரிதாக அடித்துத் தருவதில் நான் பெயரெடுத்திருந்தேன். சும்மா ஃபோட்டோ இல்லை, பழைய ஐரோப்பிய ஓவியம் மாதிரி இருக்கும். யாராவது கிட்டே போய்த் தொட்டுப் பார்த்து, "இது பெயின்ட்டா?" என்று கேட்டால் எனக்குப் பெருநாள்தான்.

எனக்குச் சொல்லித் தந்த உஸ்தாத் என்று யாருமில்லை. கொழும்பில் நடைபாதையில் வாங்கிய அட்டை கிழிந்த ஓவியப் புத்தகம் ஒன்றுதான். இங்கிலீஷ் முழுசாய் விளங்காது. படத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். பழைய ஒல்லாந்து ஓவியர்கள் தரையைக் கீழே ஒரு கீலமாக வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் வானத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய நாடும் எங்களுடையதைப் போலத் தட்டைதானே, அது எனக்கு உடனே பிடிபட்டது. ஒரு ஓரத்தில் கறுத்த மரம். தூரத்துக்கு நீல மங்கல். வெளிச்சம் அநேகமாக இடப்பக்கத்தால்.

அந்த "அநேகமாக" என்பதை நான் சட்டமாக்கிக் கொண்டேன். வலப்பக்கத்தால் வெளிச்சம் விழுந்த படம் எது வந்தாலும் முதல் வேலை ஃப்ளிப் ஹொரிஸொன்டல். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி முழுப் படத்தையும் திருப்பிப் போடுவேன். ஒருமுறை மருதமுனைப் பொடியன் ஒருவன் தன் புது மோட்டார் சைக்கிளைக் கடற்கரையில் வைத்து எடுத்த படத்தையும் இப்படித் திருப்பிவிட்டேன். நம்பர் பிளேட் இடம்வலம் மாறிப் போனதைப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து, "காக்கா, இது எந்த நாட்டு பைக்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது!

3. முந்திப் பூசிய சுவர்

சுனாமிக்கு முந்திய தை மாதத்தில் ஹாஜியார் முதல்முறை வந்தார். மகள் ஜெஸீமாவுக்குக் கடற்கரைப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்போம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். சம்மாந்துறையில் ஆதம்பாவா போடியார் என்ற வயல்காரரின் மகனைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் காட்ட வீட்டின் படம் வேண்டும்.

நான் போய் மேற்கிலிருந்து கடலைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். புது டிஜிட்டல் கமரா. வெளிச்சம் வலப்பக்கத்தால், தெற்கிலிருந்து விழுந்தது. ஹாஜியார் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"சுவர் இன்னும் பூசல்ல தம்பி. பூசத்தான் போறம், இன்ஷா அல்லாஹ். நீங்க படத்தில முந்திப் பூசிவிடுங்க."

பூசினேன். கூரைத் தகரத்துக்கு ஓடு போட்டேன். கடலுக்கு மேலே ஒல்லாந்து மேகம் ஏற்றினேன், ஓரத்தில் ஒரு வாகை மரம் நட்டேன். எல்லாவற்றுக்கும் முதல், பழக்க தோஷம், படத்தைத் திருப்பினேன். வடக்கே இருந்த கிணறு தெற்கே போனது. நானும் கவனிக்கவில்லை, அந்த வீட்டில் தண்ணீர் அள்ளியவர்களும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் பூசிய சுவரில்தான் கண்.

அதற்குப் பிறகும் மனுஷன் என்னை விட்டபாடில்லை. "மேகம் கூடிப்போச்சி, மழ வரப்போற மாதிரி இரிக்கி." குறைத்தேன். "இப்ப வானம் வெறிச்செண்டு இரிக்கி." கூட்டினேன். எட்டுத் தரம் வந்தார். சிரித்த முகத்தோடு திருத்திக் கொடுத்துவிட்டு, அவர் படியிறங்கியதும் வாய்க்குள் திட்டிக்கொள்வேன். ஒருவழியாகப் பிரின்ட் சம்மாந்துறைக்குப் போனது. சம்பந்தமும் முடிவானது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் வந்தது. ஹாஜியாரும் மனைவியும் மகளும் மெயின் ரோட்டுக்கு ஓடித் தப்பினார்கள். வீடு, காணி உறுதிப் பத்திரம், அல்பம், ஒன்றும் மிஞ்சவில்லை. வீடு புதிது என்பதால் பழைய பதிவுகளில் அந்த இடம் வெறுங்காணி. அயலவர்களில் பாதிப்பேர் கடலோடு மௌத்து. மிச்சப் பேர் எந்த முகாமில் என்றே தெரியாது. அங்கே ஒரு கல்வீடு இருந்ததற்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே அத்தாட்சி, போடியார் வீட்டு ஹோலில் தொங்கிய என் படம்.

4. ஒவ்வொரு கண்ணாக

"லிஸ்ட் இண்டைக்கு மூணு மணிக்குப் போகுதாம்," என்றார் ஹாஜியார். "வீடு கிடைக்காட்டி என்ட புள்ளைக்கு என்னத்தக் குடுப்பன்? படத்தக் கொண்டு காணிக்கு வந்த போடியாரும் இப்ப ஒஃபிஸ் வாங்கில குந்திட்டிரிக்காரு. பொய்ப் படம் எண்டு அவருக்கு முன்னுக்குத்தான் ரீ.ஓ. சொன்னாரு. அதுக்குப் பொறவு அந்த மனுஷன் ஒரு வார்த்த கதைக்கல்ல."

கமரா கார்டில் அசல் இல்லை, எப்போதோ அழிந்துவிட்டது. கொம்பியூட்டரில் நான் பூசியதெல்லாம் கண்ணாடித் தாள் மாதிரி லேயர் லேயராக அசலின் மேல் அடுக்கிக் கிடக்கும். மிச்சமிருக்க வேண்டுமானால் அடி லேயரில் இருக்க வேண்டும். ஆனால் என் ஹார்ட் டிஸ்க் சின்னது. வேலை முடிந்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக்கி மூடிவிடுவதுதான் என் வழக்கம். ஒன்றாக்கினால் அசலும் நான் பூசியதும் ஒட்டிப் போய்விடும், பிரிக்க ஏலாது. ஃபைலைத் திறந்தேன்.

பதினொரு லேயரும் அப்படியே கிடந்தன! எட்டுத் தரம் வந்த மனுஷன் ஒன்பதாம் தரமும் வருவார் என்று பயந்து மூடாமல் விட்டிருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தியேவிட்டேன். எந்த நச்சரிப்புக்காக அவரைத் திட்டினேனோ, அதற்காக அவர் கையைப் பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது.

கொம்பியூட்டரையும் பானை மாதிரி இருந்த மொனிட்டரையும் த்ரீவீலரில் ஏற்றினோம். மொனிட்டர் என் மடியில். சோதனைச் சாவடியில் இறக்கச் சொன்னார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் படம், வீடு, சுனாமி என்று மூன்று சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். கடைசிச் சொல் அந்தச் சிப்பாய்க்கும் விளங்கியது. மூடியைத் தானே பூட்டித் தந்தார்.

ஒஃபிஸ் வாசலில் ஹாஜியார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அத திறந்தா பூசாத சுவரும் தெரியுமா?"

"ஓம் ஹாஜியார். தகரமும் தெரியும்."

"போடியார் பாத்திட்டிருப்பாரே!"

வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் படம் பொய் என்று காட்ட வேண்டும். காட்டினால் சம்பந்தம் போகலாம். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு, "திறங்க," என்றார். "பொய்யோட என்ட புள்ளயக் குடுக்க ஏலா."

ரீ.ஓ. வீரமுனைக்காரர். கண்டிப்பான மனிதர், ஆனால் கெட்ட மனிதர் இல்லை. "என்ன தம்பி, கடையையே தூக்கிட்டு வந்திட்டீங்க?" என்றவர், மேசையில் இருந்த ஃபைல்களைத் தானே ஒதுக்கி இடம் தந்தார்.

ஃபோட்டோஷொப்பில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். அதை அமத்தினால் அந்த லேயர் மறையும். முதலில் மேகத்தை அமத்தினேன், ஒல்லாந்து வானம் போனது. மரம் போனது. பொன் வெளிச்சம் போனது. அடுத்தது ஓடு. தகரம் வெளியே வந்தது. பூச்சை அமத்தும்போது ஹாஜியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவந்த கல்லும் சீமெந்துக் கீற்றுமாகச் சுவர் நின்றது. நான் மறைத்திருந்த முற்றத்துக் கொடியில் ஒரு சாரனும் இரண்டு பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன.

"இதான் சேர் நான் எடுத்த படம். இப்ப பாருங்க, நான் விட்ட பிழைய." ஃப்ளிப் கொடுத்தேன். கிணறு ஒரே தாவலில் வடக்குக்கு வந்தது.

ரீ.ஓ. காலையில் காணியில் கீறிய வரைபடத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். கிணறு, படி, சமையலறைத் திருப்பம், ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். கொடியில் கிடந்த உடுப்பை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆக்கள் இருந்த வீடுதான்," என்றார். பேனையை எடுத்து லிஸ்டில் பெயரை எழுதினார். "தம்பி, நீங்க கெட்டிக்காரன். ஆனா இனிமேல் கிணத்தையெல்லாம் தூக்காதீங்க."

5. போடியார் வாய் திறந்தது

ஹாஜியார் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போடியார் எழுந்து வந்து திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"தகரமா?" என்றார்.

"ஓம் போடியார்," என்றார் ஹாஜியார், திரும்பாமலே. "பூசவுமில்ல. ஓடு போடவுமில்ல. உங்களுக்குப் பொய்தான் அனுப்பினன். மாப் பண்ணுங்க."

போடியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, என்ட மகன்ட படமும் ஒண்டு இந்தப் பொட்டிக்குள்ள கிடக்கும். பொண்ணு வீட்டுக்கு அனுப்ப உங்கட கடையிலதான் செஞ்ச. ஞாபகமில்லியா?"

எனக்கு ஞாபகமில்லை. எத்தனை முகம் வந்துபோகிற கடை!

"அதையும் இப்பிடி ஒவ்வொரு கண்ணா அமத்திப் பாருங்க," என்றார் போடியார். "கடைசியில தலையில ஒரு முடியும் மிஞ்சாது. மேல உள்ளதெல்லாம் நீங்க நட்டதுதான்."

முதலில் சிரித்தது ரீ.ஓ.தான். பிறகு ஹாஜியார் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அழுகையாகி, அழுகை திரும்பச் சிரிப்பானது. போடியார் அவர் தோளில் தட்டினார். "விடுங்க ஹாஜியார். நெல்லு விக்கக்குள்ள நாங்களும் நல்ல நெல்லத்தான் மேல வெப்பம். வாங்க, பிளேன்டீ குடிப்பம்."

அந்த மத்தியானம் குடித்த பிளேன்டீ போல ஒன்றை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: அடி லேயரைப் பூட்டி வையுங்கள், ஒருபோதும் ஒன்றாக்காதீர்கள். எதைச் சேர்த்தீர்கள், எதைத் திருப்பினீர்கள் என்று படத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அழகுக்காகச் செய்தது ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஏறும், அது உங்கள் கையில் இல்லை. யுத்தம் முடிந்து சாவடிகள் எடுபட்ட பிறகு, கமராவோடு பயமில்லாமல் வயல்வெளியெல்லாம் சுற்றி எங்கள் வானத்தையே எடுத்துச் சேர்த்தேன். வெளிச்சம் வலப்பக்கத்தால் வந்தால், வலப்பக்கத்தாலேயே வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

ஜெஸீமாவுக்கு வீடு கிடைத்தது, கடலிலிருந்து தள்ளி. கல்யாணத்துக்குப் படமெடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். நிக்காஹ் முடிந்து, சாப்பாடு முடிந்து, வெக்கை தாங்காமல் மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். பெண் ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், தோள் குலுங்க, கண்ணில் தண்ணி வர. அவரும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அதை எடுத்தேன். அந்தப் படத்தில் நான் எதையும் தொடவில்லை.