எண் மாறாத வண்டி

பெட்ரோல் டேங்க் மேல் கோழி முட்டையிட்டிருந்தது என்று வண்டிக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னபோது, திடலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டில் கோழியே கிடையாது.

எனக்கு அப்போது பத்து வயது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஏனாத்தூர் சாலையில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் திடலில் பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் கூடினார்கள். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்கள், தங்களைவிட வயதில் மூத்த வண்டிகளை வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். அப்பா வேலை பார்த்த பட்டுக்கடையின் முதலாளி, வந்தவர்கள் அனைவருக்கும் பொன்னாடை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவற்றை எடுத்துப் போய் மேடையில் போர்த்துவது அப்பாவின் வேலை. மதியச் சாப்பாடு பிரியாணி என்று தெரிந்ததால் அம்மாவும் நானும் உடன் போனோம்.

அந்தக் கூட்டத்தாருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. உரிமையாளர் சொல்லாமல் யாரும் வண்டியைத் தொடக் கூடாது. ஏறி உட்காருவது பெருங்குற்றம். எந்தப் பாகத்தை மாற்றினாலும், வெள்ளை எழுத்திட்ட அந்தப் பழைய கறுப்பு எண் பலகையை மட்டும் மாற்றக் கூடாது. அது அவர்களுக்குள் ஒரு கௌரவம். அந்தக் கௌரவம்தான் அம்மாவின் கண்ணில் பட்டது.

அந்த எண் பலகை மாட்டியிருந்தது மாமாவின் வண்டி. அம்மாவின் ஒரே தம்பியான அவர், குவைத்துக்கு வேலைக்குப் போனபோது அதை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். அம்மா அதைப் பழைய போர்வையால் மூடிவைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து வந்தாள். ஒருமுறை கூரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கிவிட்டு அம்மாவும் நானும் திரும்பியபோது வண்டி இல்லை. திருட்டுப் போய்விட்டது என்றார் அப்பா. போலீசில் சொல்லியாயிற்று என்றும் சேர்த்துச் சொன்னார். அம்மா நம்பினாள். மாமா நம்பவில்லை. “நீயே வித்துட்டு எங்கிட்டயே கதை சொல்றியாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர், அதன்பின் தீபாவளிக்குக்கூடப் பேசவில்லை. அம்மாவின் எண்ணைக் கண்டால் எடுப்பதே இல்லை.

இப்போது அந்த வண்டி எங்கள் முன்னால், புது மெருகோடு, கயிற்றுக்குள் நின்றது. அம்மா எண்ணை வாய்விட்டுப் படித்தாள். என் கையை வலிக்கும்படி இறுக்கினாள்.

“திருடன் இங்கதான் இருக்கான். உங்கப்பா மேடையவுட்டு எறங்கட்டும், அவரு பாத்துப்பாரு.”

அவள் அப்படித்தான் சொன்னாள். அப்பா பார்த்துக்கொள்வார் என்று.

அந்த வண்டிக்காரர் மேடையேறினார். மே மாத வெயிலில் தோல் சட்டை அணிந்திருந்தார். ஒவ்வொருவரும் தம் வண்டி கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

“முசரவாக்கத்துல ஒரு மாட்டுக் கொட்டாய்ல கெடந்துச்சுங்க. மேல வைக்கோல், டேங்க் மேல கோழி முட்டை. அந்த ஜனங்களுக்கு இதோட வேல்யூ தெரியல. கொஞ்சம் லேட் ஆயிருந்தா எடைக்குப் போட்டிருப்பாங்க.”

ஊர் எங்கள் ஊர்தான்; கொட்டாயும் வைக்கோலும் அவர் கட்டிய கதை. திடல் சிரித்து ஓய்ந்தது. பொன்னாடைக்காகத் திரும்பியவர், அதை ஏந்தி நின்றவரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“அட, அண்ணனே இங்க இருக்காரு. எனக்கு வண்டிய வித்த மகராசன் இவருதாங்க. ஒரு கைதட்டல் குடுங்க.”

கைதட்டினார்கள். அப்பா பொன்னாடையை விரித்தபடி அப்படியே நின்றார். பிறகு, பழகிய கைகளல்லவா, அவை தாமாகவே அதைப் போர்த்திவிட்டன.

அம்மா என் கையை விட்டாள். கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து, மாமாவின் வண்டியில், ஓட்டுபவரின் இடத்தை விட்டுவிட்டுப் பின் இருக்கையில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். அடையாள அட்டை தொங்கவிட்ட இளைஞன் ஒருவன் பதறி ஓடிவந்தான்.

“மேடம், வண்டி மேல உக்காரக் கூடாது. ரூல்ஸ்.”

“உங்க ரூல்ஸ நீ வச்சிக்கப்பா. இது எந்தம்பி வண்டி.”

தோல் சட்டைக்காரர் வந்தார். பெயின்ட் போய்விடும் என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் வகுப்புப் பையன் ஒருவன் பிரியாணித் தட்டோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொன்னது யார் என்று தெரிந்திருந்தும், என் கோபம் முழுவதும் அம்மாவின் மீதே போயிற்று. முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“எறங்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். சிரிச்சாங்க இல்ல? இப்ப பாக்கட்டும்.”

அப்பா வந்தார். “வா, வூட்ல போயி பேசிக்கலாம்” என்றார் தாழ்ந்த குரலில்.

“போனைப் போடுங்க அவனுக்கு.”

“அது சும்மா எடத்த அடச்சிக்கினு கெடந்துச்சு. அதான்...”

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவங்கிட்ட சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லுங்க. அது வரைக்கும் நான் எறங்க மாட்டேன்.”

சிக்னல் இல்லை என்றார் அப்பா. கூட்டத்தில் யாரோ, “இந்தாங்க சார், என் போன்ல ஃபுல்லா இருக்குது” என்று நீட்டினார். சிலர் களுக்கென்றார்கள். அப்பா வேறு வழியின்றித் தன் போனையே எடுத்தார். மாமா உடனே எடுத்துவிட்டார்.

“மச்சான், அந்த வண்டி... திருட்டுப் போவல. நான்தான் வித்தேன். உங்கக்காவுக்குத் தெரியாது.”

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடும் ஓசை கேட்டது.

“அக்கா பக்கத்துல இருக்குதா?” என்றார் மாமா.

அம்மா எட்டிப் போனை வாங்கினாள். எத்தனையோ சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

“டூட்டியில இருக்கியா? சரி, ராத்திரி பேசு” என்றாள்.

அவ்வளவுதான். போனை அப்பாவிடம் நீட்டிவிட்டு வண்டியிலிருந்து இறங்கினாள். தோல் சட்டைக்காரர் குனிந்து இருக்கையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். நாங்கள் சாப்பிடாமல் வெளியே வந்தோம்.

சாலையில் நிழலே இல்லை. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை பேர் நடுவில் மானத்தை வாங்கி, பிரியாணியையும் இழந்து, கடைசியில் வண்டியையும் தோல் சட்டைக்காரரிடமே விட்டுவிட்டு வருகிறாளே என்று குமுறினேன்.

“வண்டியத் திருப்பிக் கேட்டிருக்கலாம் இல்ல? ஏன் கேக்கல?”

“வண்டி யாருக்குடி வேணும்?” என்றாள் அம்மா, நடையைத் தளர்த்தாமல்.

இதென்ன பதில் என்று இன்னும் கோபம் வந்தது. ஷேர் ஆட்டோ நிறுத்தம்வரை அவளை முந்திக்கொண்டு நடந்தேன். நிறுத்தத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்பா தன் ஸ்கூட்டரில் ஏறாமல், அதைத் தள்ளிக்கொண்டே எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார். நாங்கள் நின்றதும் அவரும் சற்றுத் தொலைவில் நின்றார். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பெட்ரோல் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.