சோணைக்கு ஒரு நிமிஷம்

போடியில் பந்து விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அது சோணையில்தான் போய் நிற்கும். இடது காலால் அவன் அடித்த கோலைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் டீக்கடைக்கு நாலு பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் இருளம்மாள் ஏலக்காய் பொறுக்கப் போய்வந்தாள். சோணை அவளுடைய தம்பி. ஆத்தா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வேலை, வெள்ளைத்துரை முதலாளி ஏலக்காய் மூட்டை போட்டுவைக்கும் கிட்டங்கியில். ஊர்ப் பந்துக் கிளப்புக்குத் தலைவரும் அதே வெள்ளைத்துரைதான்.

சோணை வெறுங்காலோடு ஆடியவன். எஸ்டேட் அணியோடு மோதியபோது பூட்ஸ் காலால் ஒருத்தன் மிதித்ததில் முழங்கால் போயிற்று. ஆட முடியாதவனைக் கிளப்பே மேனேஜராக்கியது. மேனேஜர் என்றால் நாற்காலி உத்தியோகம் என்று நினைத்துவிடக் கூடாது. பந்துக்குக் காற்றடிக்க வேண்டும், எலுமிச்சம்பழம் நறுக்க வேண்டும், பையன்களுக்குச் சுளுக்கு வழிக்க வேண்டும். யார் இறங்குவது, யார் உட்காருவது என்று சொல்கிற அதிகாரம் ஒன்று மட்டும் உண்டு. அதுதான் அவனுக்கு வினையாக முடிந்தது.

ஐம்பத்துநாலாம் வருஷத்துக் கடைசிப் பந்தயத்தில், பயிற்சிக்கே தலைகாட்டாத பேச்சிமுத்துவை அவன் இறக்கவில்லை. பேச்சிமுத்து வெள்ளைத்துரையின் மகன். போடி ஒரு கோலில் தோற்றது. கூட்டம் சாணியைக் கரைத்துச் சோணை மேல் ஊற்றியது. மேனேஜர் வேலையும் அன்றோடு போனது.

சட்டையை அக்கா அலசிக்கொண்டிருந்தபோது, "நேத்து வரைக்கும் தோள்ல தூக்கிட்டுப் போன பயலுகக்கா" என்றான்.

முதலாளியைப் பகைத்தவனுக்கு ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? மலைக்குப் போனான். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. உள்ளே புகை, வெளியே ஓயாத மழை. நெஞ்சில் இருமல் புகுந்தது. அடுத்த வருஷ ஆடி மழையில் செத்துப்போனான். பாதை சரிந்து கிடந்ததால் எஸ்டேட்டிலேயே புதைத்துவிட்டார்கள். லோடு இறக்க வந்த ஜீப்புக்காரன் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தில் சாவு வீடு என்றால் பகையாளிகூடக் கேதம் கேட்க வருவான். வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால்தான் துக்கம் இறங்கும். இருளம்மாள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலாளி என்ன நினைப்பாரோ என்று ஒரு குஞ்சு குருவிகூட வரவில்லை. யார் கையைப் பிடித்து அழுவாள்? அழ வேண்டியதெல்லாம் அப்படியே நெஞ்சில் கட்டிப்போய்விட்டது.

அதற்குப் பிறகு போடி அணி போகிற இடமெல்லாம் தோற்றது. தோற்கத் தோற்க ஊருக்குச் சோணையின் ஞாபகம் வந்தது. ஐம்பத்தேழில் 'சோணை நினைவுக் கேடயம்' என்று நோட்டீசே அடித்துவிட்டார்கள். அதில் சோணை பேரைவிட வெள்ளைத்துரை பேர் பெரிதாக இருந்தது.

"கேதம் கேக்க வராத பயலுக எல்லாம் அங்கதான கூடுவாக. நானே போயி அழுதுட்டு வர்றேன்" என்றாள் இருளம்மாள்.

பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த கருத்தம்மாள் பதறினாள். "ஏத்தா, மொதலாளி பேரக் கீர இழுத்துப்புடாத. நாளைக்குச் சோலி இருக்காது."

"போனாப் போகுது."

மைதானத்தில் நல்ல கூட்டம். பொம்பளைகளை உள்ளே விடவில்லை; சோணையின் அக்கா என்று இருளம்மாளை மட்டும் விட்டார்கள். கேடயத்துக்குச் சாமந்தி மாலை போட்டுவிட்டு, சோணைக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். மலை எஸ்டேட் வெள்ளைக்காரத் துரைமார்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட வழக்கம். சாவுக்குப் பேசாமல் நிற்பதா? கூட்டம் அடங்கியதும் இருளம்மாள் தலைமுடியை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு நடு மைதானத்துக்குப் போனாள்.

"அஞ்சூரு கைதட்ட ஆடிவந்த எம்பொறப்பே
ஏலங்காய் காயுமுன்னே எம்பொறப்பு வெந்ததென்ன
சாணியக் கரச்ச கையி சாமந்தி எடுத்ததென்ன
வெள்ளத்தொர வாசலுக்கு வேண்டாத ஆளானியே!"

மார்பில் அறைந்துகொண்டு ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லி இழுத்தாள். பேச்சிமுத்துவை இழுத்தாள். சாணி கரைத்தவனை இழுத்தாள். இத்தனை நாள் சேர்த்துவைத்ததை மிச்சம் வைக்காமல் கொட்டினாள். நாளைக்குச் சோறு இல்லை என்று தெரிந்துதான் கொட்டினாள். இவன்களில் ஒருத்தனாவது தலைகுனிய மாட்டானா என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பாடி முடித்து நிமிர்ந்தாள். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எங்கோ ஒருவன் கை தட்டினான். அடுத்தவன் தட்டினான். மைதானம் முழுக்கத் தட்டியது. ஒருவன் விசில் அடித்தான்.

வெள்ளைத்துரை துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். "உருக்கிப்புட்டியே இருளம்மா! எம் பேரையும் சேத்துட்ட. அடுத்த வருசமும் வந்துரு. மைக்கு முன்னாடி நிப்பாட்டிர்றேன்" என்றார். அவர் முகத்தில் கோபம் துளிகூட இல்லை. ரெஃப்ரி ஊதினார், ஆட்டம் தொடங்கியது, இருளம்மாளை ஓரமாகப் போகச் சொன்னார்கள்.

வேலை போகவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல ஏலக்காய் புடைக்கச் சொளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட இருந்த பெண்கள் சுற்றி வந்து நெருங்கினார்கள்.

"எங்களத்தான் உள்ள விடல. அந்தச் சாமந்திப் பாட்ட இன்னொரு தரம் பாடேன் ஆத்தா" என்றார்கள்.