பிடுங்கியதும் இறங்கிய பேட்டரி

மீன் வெட்டும் கத்தி கண்ணாடி மேசைமேல் இறங்கிய சத்தம்தான் அந்தக் காலையைப் பற்றி முதலில் நினைவுக்கு வருகிறது. தடுக்கப்போன அண்ணாச்சியின் உள்ளங்கை கிழிந்து, நொறுங்கிய கண்ணாடி வழியாக உள்ளே அடுக்கியிருந்த செல்போன்கள்மேல் ரத்தம் சொட்டியது.

பட்டன் போன்கள் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். திருவொற்றியூரில் தூத்துக்குடிக்கார அண்ணாச்சி ஒருவரின் செல்போன் கடையில் நான் வேலை பார்த்தேன். கத்தியோடு வந்தவர் காசிமேட்டில் மீன் ஏலமெடுத்து விற்கும் அக்கா. எங்களிடம் வாங்கிய பேட்டரியை ஏற்கெனவே சில முறை திருப்பிக் கொண்டுவந்திருந்தார். சார்ஜரில் இருக்கும்வரை திரையில் பேட்டரிக் கோடுகள் எல்லாம் தெரியும். பிடுங்கியதும் ஒரு கோடு போய்விடும். மீன் விற்றுத் தீர்வதற்குள் போன் செத்துவிடும். அண்ணாச்சிக்கு ஒரே பதில்தான்: "லித்தியம் பேட்டரின்னா அப்படித்தாம்மா. சார்ஜர்லருந்து எடுத்தா கொஞ்சம் எறங்கத்தான் செய்யும்."

அது பொய்யுமில்லை. சார்ஜர் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் படிக்கட்டருகே நெருக்கியடித்து நிற்பதுபோல லித்தியம் துகள்கள் விளிம்பிலேயே குவிந்திருக்கும். தள்ளுவது நின்றதும் மெல்ல உள்ளே பரவும். வோல்டேஜும் சற்று இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். நல்ல பேட்டரிக்கும் இது உண்டு. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் பேட்டரி உள்ளுக்குள் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அக்காவின் மகளை மணலியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். முந்தின நாள் மாலை மகளிடமிருந்து போன் வந்திருக்கிறது. அக்கா கத்தினார்:

"'அம்மா'ன்னா. அத்தோட செத்துட்ச்சிய்யா உன் பேட்டரி! பொண்ணு சும்மாதான் போன் பண்ணியிருக்கான்னு நானும் வுட்டுட்டேன். கதவ சாத்திகினு அட்ச்சிகீறான். ஆஸ்பத்திரில கெடக்குறா, மூஞ்சியே அடையாளம் தெர்ல!"

அண்ணாச்சி கிழிந்த கையில் துண்டைச் சுற்றினார். அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்தா பொண்ணு, புச்சு ஒண்ணு எடு. அதையும் இதையும் சார்ஜ் போட்டு அளந்து காட்டு. நான் இங்கயேதான் நிப்பேன்."

இரண்டும் ஏறி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை. கத்தியும் கையை விட்டுப் போகவில்லை. அண்ணாச்சி கையில் சுற்றிய துண்டு சிவந்துகொண்டே வந்தது. பிறகு இரண்டையும் பிடுங்கி மீட்டரில் வைத்தேன். புதியது சற்று இறங்கி நின்றது. அக்காவுடையது மளமளவென்று இறங்கியது. ஒவ்வொரு முறை அளந்தபோதும் இன்னும் குறைந்திருந்தது.

"பழசுதாம்மா," என்றார் அண்ணாச்சி, தரையைப் பார்த்தபடி. "மேல ஸ்டிக்கர்தான் புதுசு."

கத்தி உயர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது இறங்கியது பேட்டரிமேல். சீறலோடு புகை கிளம்பி, குபீரென்று தீ எழுந்தது. விரல் கருகியும் அக்கா கையை எடுக்கவில்லை. நான்தான் இழுத்தேன். தீ தானாக அடங்கியபோது கடையெல்லாம் நெஞ்சை அடைக்கும் நாற்றம்.

"உன் பேட்டரி செத்ததால அவ அடி வாங்கலய்யா," என்றார், குரல் இறங்கி. "அவன் அட்ச்சான், அதான் வாங்குனா." சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மதியம் மணலி லாரி ஸ்டாண்டில், அத்தனை டிரைவர்கள் முன்னால், மருமகனின் தாடையை இரும்புக் கம்பியால் உடைத்தார். போலீஸ் அவரைக் கொண்டுபோனது. கேஸ் வருடக்கணக்கில் இழுத்தது. மகள் காசிமேட்டுக்கே திரும்பி வந்தாள், இடது காதில் கேட்கும் சக்தி இல்லாமல். அண்ணாச்சி பழைய பேட்டரிகளை மூட்டை கட்டி அப்புறப்படுத்தினார். அந்த மாதமே நானும் வேலையை விட்டேன்.

போன வாரம் மீன் வாங்கப் போனபோது அக்காவைப் பார்த்தேன். என் பவர் பேங்கைப் பார்த்துச் சிரித்தார். இப்போதெல்லாம் யார் போனும் சட்டென்று சாவதில்லை என்றேன். கருகிய விரலால் மீனைப் புரட்டிக்கொண்டே, "போன் வந்தாதான் பொண்ண போய்ப் பாக்கணுமா இன்னா?" என்றார். "அவ மூஞ்சி வாடிகினு வர்றத அதுக்கு முன்னாடி ஒரு வருசமா பாத்துகினுதான இருந்தேன்."