கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் லத்தீன்

எனக்கு எழுத்து தெரியாது. பெருவிரலை மையில் தேய்த்தே முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சம்பளம் வாங்கினேன். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டுகிறாள். என் பெங்களூர் கன்டோன்மென்ட் தமிழை அப்படியே போட்டால் வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள் என்று அவளே திருத்தி அச்சுத் தமிழாக்குகிறாள். நடுவில் எங்காவது நான் வேறு கதைக்குத் தாவினால் அது அவள் திருத்தத்துக்கு அடங்காதது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்த சமயம். மகன் வேலை செய்த தொழிற்சாலை ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் அவனுக்கு ஷிப்ட் வேலை கிடைக்கும் போலிருந்தது. ஆனால் நாலு பேரோடு ஓர் அறையில் அங்கேயே தங்க வேண்டும். அப்படியானால் மருமகள் கைக்குழந்தையோடு கிருஷ்ணகிரிக்கு, தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். சிவாஜிநகர் வீட்டில் நான் மட்டும். எதிரெதிரே மூன்று பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற வீடுதான் அது. ஆனாலும் இடிக்க முட்டி இல்லாமல் போய்விடுமே என்று எனக்குப் பயம். போகாமல் இருக்க ஒரே வழி, மருமகள் ஒரு பரீட்சையில் தேறுவது.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு வேலை அப்போது பெங்களூர் முழுக்கப் பேச்சாக இருந்தது. அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததைக் குரலில் பதிந்து வைப்பாராம். அது இங்கே வரும். இங்கே ஒருத்தி காதில் மாட்டிக்கொண்டு கேட்டு டைப் அடிக்க வேண்டும். மருமகள் பி.எஸ்ஸி. படித்தவள். மூன்று மாதப் பயிற்சியில் சேர்ந்தாள். கடைசியில் பரீட்சை, தேறினால் அங்கேயே வேலை.

முதல் வாரம் ஒரு சாயங்காலம், வீட்டிலிருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் எடுத்துப்போட்டு சீட்டு சீட்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். மார்கழிக் குளிருக்குப் பிதுக்கின அவரைக் குழம்பு இல்லாவிட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்காது.

"இன்னாம்மா எழுதற?"

"லத்தீன், அத்தே."

"இங்கிலீசு டைப் அடிக்கத்தானே போன? அது யாரு நடுவுல?"

"இங்கிலீசுக்கு அடியில லத்தீன் இருக்கு அத்தே. வேர் மாதிரி. ஒரு வேர் தெரிஞ்சா பத்து வார்த்த தெரியும்னு டீச்சர் சொல்றாங்க. இப்ப பாருங்க, சப்-க்யூட்டேனியஸ். சப்னா கீழ. க்யூட்டிஸ்னா தோலு. தோலுக்குக் கீழ."

நான் கையிலிருந்த கொட்டையைப் பார்த்தேன். தோலை அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தோலுக்குக் கீழே.

"அப்ப சப்-இன்ஸ்பெக்டரு?"

அவள் வெட்டுவதை நிறுத்தினாள். "அட, ஆமா! இன்ஸ்பெக்டருக்குக் கீழ. இன்ஸ்பெக்டரும் லத்தீன்தான் அத்தே. இன்-னா உள்ள. ஸ்பெக்ட்னா பாக்கறது."

"உள்ள பாக்கறவரா? நம்ம ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் வாசல்ல நின்னு வெளியதான பாத்துக்கினு கீறாங்க!"

அவள் சிரித்த சிரிப்பில் தூளியில் இருந்த பேத்தி எழுந்துவிட்டாள். எனக்கோ அன்றைக்குத் தூக்கம் போனது வேறு காரணத்தால். முப்பது வருடமாக ஆஸ்பத்திரியில் இங்கிலீசு வார்த்தைகளைத் தினமும் வாயில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். எதையும் உடைத்துப் பார்த்ததில்லை. உள்ளே பருப்பு இருக்கும் என்று யார் கண்டது?

மறுநாளிலிருந்து வார்டில் நான் வேர் தேட ஆரம்பித்தேன். பெட்பேன் கழுவும்போதுகூட. டென்டல் என்றால் பல் டாக்டர் அறை. அப்படியானால் டென்ட் என்றால் பல்லாக இருக்க வேண்டும். மருமகளிடம் கேட்டேன், சரியென்றாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வாரத்துக்கு இரண்டு தடவை சிஸ்டர் ஒரு புத்தகம் கொடுத்து அனுப்புவார். பஞ்சு, பினாயில், ஸ்பிரிட் எல்லாம் ஸ்டோரில் வாங்கிவர. அதற்குப் பெயர் இண்டென்ட் புக்.

"அதுல பல்லு எங்கம்மா வந்துச்சு?"

"தெரியல அத்தே. வேற டென்டா இருக்கும்."

"வேற இல்ல, இதேதான். விசாரி."

பயிற்சி நடக்கிற இடத்தில் தலையணை அளவு டிக்ஷ்னரி ஒன்று இருந்ததாம். மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கினதும் இறங்காததுமாக, குழந்தையைக்கூட வாங்காமல் சொன்னாள். "பல்லுதான் அத்தே! அந்தக் காலத்துல ஒரே தாள்ல ஒப்பந்தத்த ரெண்டு தடவ எழுதுவாங்களாம். நடுவுல பல்லு பல்லா வெட்டி ஆளுக்கொரு பாதி எடுத்துக்குவாங்க. பின்னாடி தகராறு வந்தா ரெண்டையும் சேத்துப் பாப்பாங்க. பல்லுக்குப் பல்லு பொருந்தினா நெசம்."

எங்கள் இண்டென்ட் புத்தகத்திலும் சிஸ்டர் சீட்டைக் கிழித்தால் ஓரம் பல் பல்லாக வரும், அடிச்சீட்டு புத்தகத்தில் நிற்கும். அதன்பின் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் ஓரத்தை ஒருமுறை தடவாமல் நான் படி இறங்கினதில்லை.

ஒருநாள் எங்களுக்குள் சண்டையே வந்தது. "பெட்னா காலு. பெடல் இருக்கே, காலால மிதிக்கறது" என்றாள். டைப் அடிக்கிறவர்களுக்கும் காலடியில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிற்பார்.

"அப்ப பீடியாட்ரிக்னா கால் வைத்தியமா?"

"ஆமா அத்தே, அப்படித்தான் வரணும்."

"வரணுமா? நான் அந்த வார்டுல ஆறு வருசம் மூத்திரத் துணி அள்ளினவ. அது கொழந்தைங்க வார்டு!"

அவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெட் வேறு, கிரேக்கமாம். டாக்டர்கள் பேச்சில் லத்தீன் பாதி, கிரேக்கம் பாதி. கிட்னிக்கு லத்தீனில் ஒரு வேர், அதனால் ரீனல். கிரேக்கத்தில் ஒரு வேர், அதனால் நெஃப்ராலஜி. எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டும் உண்டு. இரண்டும் வேறு வேறு வியாதி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஒரே சாமானுக்கு எதுக்கத்தே ரெண்டு பேரு, மனப்பாடம் பண்றவ சாவறதுக்கா?" என்று மருமகள் அலுத்துக்கொண்டாள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் மார்க்கெட்டில் ஆட்டுக் கிட்னியை நான் குண்டிக்காய் என்று கேட்பேன், கடைக்கார பாய் குர்தா என்று வெட்டிக் கொடுப்பார். எங்கள் தெருவில் தண்ணிக்கே மூன்று பெயர். தண்ணி, நீரு, பானி. குழாய் ஒன்றுதான்.

இப்படியாக மூன்று மாதத்தில் சீட்டுகள் முந்நூறைத் தாண்டின. ஒரு பக்கம் யாரோ ஒரு மாப்பிள்ளை, பெண்ணின் பெயர். மறுபக்கம் வேர். பிஸ்கட் டப்பாவில் லத்தீன், ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிரேக்கம், இரண்டும் ஏ, பி, சி வரிசையில். அவள் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டுவாள். நான் வாங்கி, அதில் எங்கே வெள்ளை தெரிகிறதோ அங்கே பேனாவால் ஒரு குறி போடுவேன். அர்த்தத்தை அவள் எழுதுவதில்லை, என் குறிதான் அர்த்தம்.

அந்தக் குறி வண்ணான் குறி. ஆஸ்பத்திரித் துணியில் சேங்கொட்டை மையால் போடுவார்கள், எந்த வார்டுத் துணி என்று தெரிய. இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் ஆண்கள் வார்டு. பெருக்கல் குறி என்றால் ஆபரேஷன் தியேட்டர். படிக்கத் தெரியாத நாங்கள் அதைப் பார்த்துத்தான் மலையாகக் குவிந்த துணியைப் பிரிப்போம். அதே வழக்கத்தில் கண்ணுக்கு வட்டத்துக்குள் ஒரு பொட்டு, பல்லுக்கு வளைந்து வளைந்து போகிற கோடு, கிட்னிக்கு ஓர் அவரைக்கொட்டை. கைக்கு ஒரு கோடு, மேலே ஐந்து புள்ளி. காலுக்கு ஒரு கோடு, கீழே ஐந்து புள்ளி.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு வார விடுமுறை வந்தது. மருமகள் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் டப்பாவையும் பாட்டிலையும் திறந்தேன். கிட்னி ஒன்று டப்பாவில், இன்னொன்று பாட்டிலில். கண் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பாவம், தேடித்தேடிப் படிக்கிறாளே, சேர்த்து வைத்தால் குஷியாகிவிடுவாள் என்று எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன்.

பக்கத்து வீட்டில் துணி தைக்கிற பெண் எட்டிப் பார்த்தாள். "க்யா அம்மா, தனியா சீட்டாட்டமா?"

"டாக்டரு ரவுண்ட்ஸ் வராரு. தள்ளி நில்லு."

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். முதலில் கண்ணை இழுத்துப் பார்ப்பார். நாக்கு. கழுத்து. நெஞ்சில் குழாய் வைப்பார். வயிற்றை அமுக்குவார். கை. கடைசியில் பாதத்தில் வீக்கமா என்று விரலால் அழுத்துவார். அந்த வரிசையிலேயே அடுக்கி, லத்தீனும் கிரேக்கமும் கலந்து, உறுப்புக்கு ஒரு கட்டாகப் பூ கட்டுகிற நாரால் கட்டி வைத்தேன். மத்தியானச் சோற்றைக்கூட மறந்துவிட்டேன்.

மருமகள் வந்து பார்த்தாள். நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. ஒரு கட்டை எடுத்தாள், வைத்தாள்.

"அத்தே, ஏபிசிடி வரிசை எங்க?"

"அது இன்னாத்துக்கு? ஒடம்பு வரிசையா கீது பாரு."

"எனக்கு அந்த வரிசையிலதான் ஞாபகம் அத்தே. எதுக்குப் பக்கத்துல எதுன்னு கண்ண மூடினா தெரியும். மூணு நாளுதான் இருக்கு." குரல் உயரவே இல்லை. மகன் மூலையிலிருந்து, "ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல? சும்னே இருக்க மாட்டியா?" என்றான். அவனுடைய பெரிய பை பரண்மேல் இருந்தது. அதைத் தூசி தட்டி அன்று காலையில்தான் ஏற்றியிருந்தான், ஹெப்பகோடிக்குப் போக நேர்ந்தால் இறக்கச் சௌகரியமாக ஓரத்தில்.

பழையபடி அடுக்க என்னால் ஆகாது, அவளுக்கும் நேரமில்லை. குழந்தையை நான் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். மூன்று நாளும் அவள் நான் கட்டிய கட்டுகளையே வைத்துக்கொண்டு முனகினாள். என்னிடம் ஒரு வேர்கூடச் சொல்லவில்லை. வார்டில் நான் இண்டென்ட் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஓரத்துப் பல் கையைக் கடிக்கிற மாதிரி இருந்தது.

பரீட்சை நாள் வந்தது. முடிவையும் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். டியூட்டி முடிந்து நான் வீட்டுக்குப் போகாமல் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் வந்து வந்து போனது. ஒன்றின் பின்வாசலில் அவள் இறங்கினாள். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இறங்கினவள் நேரே வந்து சொன்னாள்:

"அத்தே, கணுக்கால கையில வெச்சுட்டீங்க."

"இன்னாம்மா சொல்ற?"

"டார்சஸ். கணுக்கால் எலும்பு. கைக் கட்டுல கட்டியிருந்தீங்க. மூணு நாளா நானும் மணிக்கட்டுன்னே படிச்சேன்."

எப்படி நடந்தது என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. கணுக்கால் என்று சொல்லி அவள் நீட்டின சீட்டைக் குழந்தை ஒருநாள் பிடுங்கி எறிந்தது. அதை மட்டும் நானே தரையிலிருந்து எடுத்துக் குறி போட்டேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். எழுத்து தெரிந்தவளுக்குத் தலைகீழ் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? அவள் பின்னால் அதை நேராக்கி டப்பாவில் வைத்தபோது கீழே இருந்த ஐந்து புள்ளி மேலே போய்விட்டது. கால் கையாகிவிட்டது.

"அதனால... போச்சா?"

"கேளுங்க. காதுல மாட்டினேன். ஒரு டாக்டரு. ஒரு நோயாளியப் பத்தி முழுசா பேசினாரு. எங்க ஆரம்பிச்சாரு தெரியுமா? கண்ணு. அப்புறம் தொண்ட. கழுத்து. நெஞ்சு. வயிறு. உங்க கட்டு அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு அத்தே, எனக்கு மயிர் சிலிர்த்துப் போச்சு. கை முடிஞ்சு, தொட, முட்டியெல்லாம் முடிஞ்சு, திடீர்னு டார்சல்னாரு. கைதான் முடிஞ்சு போச்சே, மறுபடி மணிக்கட்டு எங்கருந்து வருது? வேற ஏதோ வார்த்த, நான்தான் தப்பாக் கேட்டேன்னு அடிக்காம விட்டுட்டேன். அப்புறம் பெடல மிதிச்சு மிதிச்சுக் கேட்டேன். டார்சலேதான். முட்டிக்குக் கீழ வேற என்ன இருக்கு? கணுக்காலுதான். அப்பதான் தெரிஞ்சுது, நீங்கதான் மாத்திக் கட்டியிருக்கீங்கன்னு."

அப்புறம் பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தாள். எதிலிருந்தோ கிழித்த சீட்டு. ஓரம் பல் பல்லாக இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வர வேண்டும் என்று படித்துக் காட்டினாள். நான் ஓரத்தை விரலால் தடவினேன்.

"மீதிப் பாதி?"

"அவங்க புக்குல இருக்கு அத்தே."

"சரி. நெசந்தான்."

வழியில் பாயிடம் குர்தா நாலு வாங்கினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. கைக் கட்டை அவிழ்த்து அந்த ஒரு சீட்டைத் தேடி எடுத்தாள். என் குறியை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் அவளே இன்னொன்று போட்டாள். ஒரு கோடு, கீழே ஐந்து புள்ளி. அதைக் கால் கட்டில் செருகி, நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். மகன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணில் ஓரத்தில் இருந்த பையை உள்ளே தள்ளினான்.