மூன்று நட்சத்திரம் தெரியும்வரை

பிள்ளைகள், பேய் என்றும் ஆவி என்றும் யாராவது கதைத்தால் சிரிக்கிற ஆள் நான், அது உங்களுக்குத் தெரியும். இதையும் நீங்கள் நம்பத்தான் வேண்டும் என்றில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் பிறக்க முன்னம் நான் திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லோஞ்ச் படகில் வேலை செய்தேன். ஒருநாள் ஒரு கப்பல்காரரைக் காய்ச்சலோடு இறக்கி எங்கள் இறங்குதுறை அறையில் படுக்க வைத்தார்கள். கொச்சியில் பிறந்த யூதர், தமிழ் கதைப்பார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். மணிக்கொருதரம் தண்ணீர் கொடுக்காவிட்டால் ஆள் தப்பாது என்று, மருந்து கொடுக்க வந்த அப்போதிக்கரி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மனிதரோ தண்ணீருக்கு வாயைத் திறக்கவில்லை. அன்று யூதர்களுக்குப் பாவமன்னிப்புக் கேட்கும் நோன்பாம், முதல்நாள் பொழுதுபட்டதில் இருந்து பச்சைத் தண்ணீரும் கூடாதாம்.

"காய்ச்சல் வருத்தக்காரருக்கு நோன்பு கடமை இல்லைத்தானே ஐயா," என்றார் என்னோடு வேலை செய்த கிண்ணியா ஊர் முஸ்லிம் அண்ணன், இஸ்மாயில் நானா.

"ஓம், இல்லை. ஆனா போன வருஷம் இந்த நாளை மறந்து கப்பலில குடிச்சுக் கூத்தடிச்சனான். அண்டைக்குத்தான் ஊரில என்ர மகள் செத்தவள். ஏழு வயது. இந்த முறை ஏலாது."

பின்னேரம் உதடு வெடித்து, கண் செருகத் தொடங்கியது. பொழுதுபட்டுப் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் நானா பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு ஓடிவந்தார். கப்பல்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவர்களுக்கு நோன்பு முடிய வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிய வேண்டுமாம்.

"எங்களுக்குச் சூரியன் போனாப் போதும். உங்களுக்கு வானமே வந்து சாட்சி சொல்ல வேணுமோ?" என்று நானா பகிடி விட்டுக்கொண்டே குவளையை அவர் உதட்டருகில் பிடித்தார்.

நான் வெளியே ஓடிப் பார்த்தேன். வானம் முழுக்க மழை இருட்டு, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. வேறு என்ன செய்ய? திரும்பி வந்து, "மூன்றும் தெரியுது ஐயா, குடியுங்கோ," என்று பொய் சொன்னேன்.

"எண்ணுங்கோ," என்றார்.

நான் சன்னல் பக்கம் திரும்பினேன். நம்பினால் நம்புங்கள், அப்போது சன்னலுக்கு வெளியே ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரல், எனக்கு விளங்காத பாஷையில், நிறுத்தி நிறுத்தி மூன்று சொல் சொன்னது.

"எண்ணுது... ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எங்கட அறபு மாதிரியே எண்ணுது," என்று நானா என் கையைப் பிடித்துக்கொண்டார். மனிதர் சன்னலைப் பார்த்தபடியே குவளையை வாங்கி முழுவதையும் குடித்தார்.

விடியும்வரை மழை விடவில்லை. காலையில் கப்பல்காரர்கள் வந்து அவரைக் கொண்டுபோனார்கள், உயிரோடுதான் போனார். எனக்கு இன்றைக்கும் விளங்காதது ஒன்றுதான்: அந்தச் சன்னலுக்குக் கீழே ஒரு பூனை நிற்கவும் இடமில்லை, நேரே ஆழக்கடல்.

அடுத்த நாள் பின்னேரம் நானா வீட்டுக்குப் போனபிறகு, நான் தனியே அந்தச் சன்னலைத் திறந்தேன். "பிள்ளை, உன்ர அப்பாவுக்கு நான் பொய் சொன்னனான், மன்னிச்சுக்கொள்," என்று கடலுக்குச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.