கறுப்புப் பெட்டை

அமீரகத்தின் அல் ஐனில் நான் தோட்டவேலை பார்த்த வில்லாவின் பின்புறம் ஒரு கோழிக்கூடு இருந்தது. கட்டியது நான்தான். எங்கள் முதலாளி அர்பாப் ஒருநாள் சந்தையிலிருந்து சில பெட்டைக் கோழிகளை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, "யல்லா", ஆகட்டும் என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். சரக்கு வரும் மரப்பலகைகளை உடைத்துச் சட்டம் அடித்தேன். சுற்றிலும் வலை, மேலே பேரீச்சை மட்டை.

டிசம்பரில் பனி இறங்கியது. காலையில் குழாயைத் தொட்டால் விரல் விறைக்கும். எங்கள் ஊரில் குளிருக்குப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே சாக்கைப் போட்டால் போதும். அந்த நினைப்பில் கூட்டை நாலு பக்கமும் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினேன். வில்லாவின் சமையல்காரர் ராமநாதபுரத்து பாய், என்னைவிட மூத்தவர். அவர் பக்கத்து சைட்டில் ஒரு பெரிய ஹாலஜன் விளக்கைக் கேட்டு வாங்கிவந்து கூட்டுக்குள் தொங்கவிட்டார்.

"கதகதன்னு இருக்கும்ப்பா. நம்ம ரூமுக்கே இந்த வசதி இல்ல" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் கதவைத் திறந்தேன். எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. ஒரு பெட்டை செத்துக் கிடந்தது. பின்பக்கம் கிழிந்து குடல் வெளியே வந்திருந்தது. அதை இரண்டு கோழிகள் ஆளுக்கொரு முனையாக இழுத்துக்கொண்டிருந்தன. பூனை புகுந்திருக்கும் என்று ஓட்டையைத் தேடினேன். ஓட்டையே இல்லை. கறுப்புப் பெட்டையின் அலகு கண்வரை சிவந்திருந்தது. மூலையில் செம்பட்டை நிறப் பெட்டை ஒன்று முதுகில் இறகே இல்லாமல், பச்சைச் சதையோடு, பலகைக்குள் தலையைச் செருகி நின்றது.

பாய் கத்தியோடு வந்தார். "செத்தது யாருக்கும் ஆகாது, குழி தோண்டிப் போடு. அந்தச் செம்பட்டையக் கொண்டா. அதுவும் மௌத்தாப் போச்சுன்னா அப்புறம் அறுத்தாலும் ஹராம். உசிரு இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்துரணும்."

"பொழைச்சுக்கும் பாய்."

"நீ என்ன டாக்டரா?"

அர்பாப் சத்தம் கேட்டு வந்தார். உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு விளக்கைப் பிடுங்கி எறிந்தார். பாயின் கத்தியை வாங்கித் தார்ப்பாயின் மேல்பக்கத்தைக் கோடுகோடாகக் கிழித்தார். "ஹவா மாஃபி! நூம் மாஃபி!" என்று கத்தினார். காற்றும் இல்லை, தூக்கமும் இல்லை. வெளிச்சத்தில் அவை இரவெல்லாம் விழித்திருந்து ஒன்றையொன்று கொத்தியிருக்கின்றன.

இருட்டும் காற்றும் வந்த பிறகு மற்றவை அடங்கின. கறுப்பு மட்டும் அடங்கவில்லை. இரத்தத்தின் ருசி அதற்குப் பழகிவிட்டது. செம்பட்டையின் புண்ணுக்கு மஞ்சள் குழைத்துப் பூசி, கூட்டுக்குள்ளேயே பெட்டியால் தடுத்து வைத்தேன். கறுப்பு இடுக்கில் தலையை விட்டுக் கொத்தியது. பாய் தினமும் வந்து, "இருக்கா, போயிருச்சா?" என்று விசாரிப்பார்.

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அடிபட்டதை அறுத்துவிடும்படி அர்பாப் சொல்லிவிட்டார். காலையிலேயே பாய் கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. கறுப்பை அறுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அது தினமும் முட்டையிடும் கோழி. அர்பாபிடம் நான் அதுவரை ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. செம்பட்டையை எடுக்கப் போனேன்.

பெட்டி கவிழ்ந்து கிடந்தது. கறுப்பு செம்பட்டையின் மேல் ஏறி நின்று புண்ணைக் கொத்திக் கொத்தி எடுத்தது. கீழே இருந்ததற்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. நான் கறுப்பின் கழுத்தைப் பிடித்தேன். அது என் மணிக்கட்டைக் கிழித்தது. திருகினேன். எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் திருகிக்கொண்டிருந்தேன்.

"அடப்பாவி!" பாய் ஓடிவந்தார். "என்கிட்ட குடுத்திருந்தா அறுத்திருப்பேனே! இப்ப யாரு திங்கிறது இத?"

பின்னாலேயே அர்பாபும் வந்தார். கைத்தடியால் என் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்தார். உட்கார்ந்துவிட்டேன். முட்டையிடும் கோழிகள் குறைந்துகொண்டே போகின்றன, குளிர் முடியும்வரை இந்தக் கூட்டுக்குள் கத்தியே வரக்கூடாது என்று பாயிடம் கத்தினார். விருந்துக்குக் கறி சந்தையிலிருந்து வந்தது.

கறுப்பை நான் மட்டும் குழம்பு வைத்துத் தின்றேன். பாய் எதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். "வாசனை ஹராம் இல்லையே?" என்றார். மென்று முழுங்கவே தாடை வலித்தது.

செம்பட்டைக்குப் புண் ஆறி முதுகில் முள்முள்ளாக இறகு முளைத்தது. மரத்தடியிலும் வெயில் சுட ஆரம்பித்த ஒரு காலையில் தீனி போட்டேன். செம்பட்டைதான் முதலில் வந்தது. பக்கத்தில் வந்த சின்னப் பெட்டையின் உச்சியில் ஓங்கிக் கொத்தியது. இரத்தம் கண்ணில் இறங்கியது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாய் எழுந்து வந்து பார்த்தார். "இதுக்குத்தான் அடி வாங்குனியா?" என்றார்.

நான் உள்ளே போய்ச் சின்னதைத் தூக்கிக்கொண்டேன். குளிர் முடிந்திருந்தது. செம்பட்டையைக் காட்டி, பாயிடம் கத்தியை எடுத்துவரச் சொன்னேன்.